கழுத்தில் கட்டி, தொண்டையில் வலியில்லை: முதியவர்களின் வைரஸ் புற்றுநோயை வரிசை மாறாமல் கண்டுபிடிப்பது எப்படி?

"டாக்டருங்க, அப்புச்சிக்குக் கழுத்துல நெறி கட்டியிருக்குதுங்க. பல்லுல ஏதாச்சும் இருக்கும்னு பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். பல்லே இல்லீங்களேன்னுட்டாரு."

பேரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புச்சிக்கு 71 வயது, சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டியவர். பீடி இல்லை, பொகையிலை இல்லை, வெத்தலைகூடக் கல்யாண வீட்டோடு சரி. வலது தாடை மூலைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் கட்டி. தொட்டால் வலிக்கவில்லை. மூன்று மாதமாக இருக்கிறதாம். அதற்குள் இரண்டு முறை ஆன்டிபயாடிக், ஒரு முறை மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து, பொன்னுக்கு வீங்கியாக இருக்குமென்று கழுத்தில் தங்கச் சங்கிலி எல்லாம் ஆகியிருந்தது.

அது புற்றுக்கட்டி. அது தொடங்கிய இடம், அதாவது மூலம், வலது டான்சிலுக்குள் இருந்தது. மூலத்தில் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸ் இருந்தது.

ஈரோட்டுப் பக்கம் காது மூக்குத் தொண்டை மருத்துவம் பார்க்கிறவன் நான். இந்த வழிகாட்டி முதியவர்களை அழைத்துவரும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், கட்டியை முதலில் பார்க்கும் குடும்ப மருத்துவர்களுக்கும். இந்த நோயில் எந்தப் பரிசோதனை செய்தோம் என்பதைவிட எதை முதலில் செய்தோம் என்பது முக்கியம். வரிசை மாறிப்போய்ச் சிரமப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று என் கையாலேயே நடந்தது. அதையும் சொல்கிறேன்.

எந்த இடம், எந்த வைரஸ்

நம் ஊரில் 'வாய்ப் புத்து' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு நோய்களை அடைத்துவிடுகிறோம். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், இவையெல்லாம் வாய். இங்கே வரும் புற்றில் பெரும்பங்கு புகையிலை, பாக்கு, பீடி, சாராயத்தால் வருவது. பொகையிலையைக் கன்னத்தில் அதக்கியே தூங்கிப்போகும் ஆத்தாக்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

வாயை நன்றாகத் திறந்து 'ஆ' சொன்னால், உண்ணாக்குக்கு இரு பக்கமும் திரை விலக்கியதுபோல் இரண்டு மடிப்புகள் தெரியும். அந்த மடிப்புகளுக்குப் பின்னால் தொடங்குவது தொண்டை. டான்சில்களும் நாக்கின் அடிப்பகுதியும் அங்கேதான் இருக்கின்றன. வைரஸால் வரும் புற்றுக்கு இவை இரண்டும்தான் சொந்த வீடு. டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பானதல்ல, ஆழமான குழிகள் நிறைந்தது. அந்தக் குழிகளின் அடியில் இருக்கும் மெல்லிய செல் படலத்துக்குள் வைரஸ் எளிதாகப் புகுந்துவிடும். புற்றும் குழிக்குள்ளேயே தொடங்குவதால் வெளியே புண் தெரியாது.

எச்.பி.வி. வைரஸில் 200-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. தொண்டைப் புற்றில் வைரஸ் இருக்கும்போது பத்தில் ஒன்பது பேருக்கு அது 16-ஆம் வகை. கருப்பைவாய்ப் புற்றுக்கும் முதன்மைக் காரணம் அதே வகைதான். அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசெனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் செய்கிற வேலையைத் தறிக்காரர்களுக்கு விளக்குவது எனக்கு எளிது. விசைத்தறியில் ஒரு பாவு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிட வேண்டும். நம் செல்லிலும் அப்படி இரண்டு நிறுத்திகள் உண்டு. ஒன்றின் பெயர் பி53, இன்னொன்று ஆர்.பி. வைரஸின் இ6 என்ற புரதம் முதலாவதை அழிக்கிறது. இ7 இரண்டாவதை முடக்குகிறது. நூல் அறுந்த பிறகும் தறி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டத்தை எப்படியாவது அடக்கப் பார்க்கும் செல், பி16 என்ற இன்னொரு புரதத்தை அள்ளி அள்ளிச் சேர்க்கிறது. இந்தப் பி16-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சோதனைக்கூடம் தேடப்போவது இதைத்தான்.

வைரஸ் உடம்புக்குள் வந்து புற்றாக மாறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். எழுபது வயதில் கட்டி தெரிந்தால், தொற்று வந்தது அவருடைய இளவயதாக இருக்கலாம். அதனால் 'இந்த வயசுல வைரஸா?' என்ற கேள்விக்கு இடமில்லை.

படி 1: திண்ணையில் வைத்துப் பார்ப்பது

காலை வெளிச்சத்தில் பெரியவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். பல் செட் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். செல்போன் டார்ச் போதும்.

'ஆ' சொல்லச் சொல்லி இரு டான்சில்களையும் ஒப்பிடுங்கள். வயதாக ஆகச் சுருங்கிப்போகும் சதை அது. ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரிதாக இருந்தால் கவலையில்லை. 65 வயதுக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பிறகு பின்னால் நின்று, விரல்களைத் தட்டையாக வைத்து, இரு காதின் கீழிருந்து காறை எலும்பு வரை கழுத்தைத் தடவிப் பாருங்கள். தாடை மூலைக்குக் கீழே இருக்கும் பகுதியில் கூடுதலாக நேரம் செலவழியுங்கள். டான்சிலிலிருந்து வடியும் நிணநீர் போய்ச் சேரும் நெறி அங்கேதான்.

கேட்க வேண்டியவை: ஒரு பக்கத் தொண்டை வலி, அதே பக்கக் காது வலி, விழுங்கும்போது ஏதோ அடைப்பது, எச்சிலில் ரத்தம், வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் மாறிய குரல். காது வலி பலரையும் ஏமாற்றுகிறது. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால், நோய் தொண்டையிலும் வலி காதிலும் இருக்கும். காதில் சொட்டு மருந்து விட்டே இரண்டு மாதம் போக்கியவர்கள் உண்டு.

முதியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டுதான் சொல்லும். அரிசிம்பருப்புச் சோறு என்றால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர் அதை ரசம் விட்டுக் கரைத்துக் குடிக்க ஆரம்பித்திருக்கிறாரா? ஆத்தாவின் வளையல் முழங்கை வரை ஏறுகிறதா? இதையெல்லாம் மருமகள்கள்தான் முதலில் கவனிக்கிறார்கள். அவர்களையும் கூட அழைத்து வாருங்கள்.

தமிழக அரசு 2023-இல் ஈரோடு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையைத் தொடங்கியது. நல்ல திட்டம், கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே டார்ச் அடித்துப் பார்ப்பது வாயைத்தான். நாக்கின் அடிப்பகுதி அதில் தெரியாது. 'வாய் நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க' என்ற தாளை வைத்துக்கொண்டு கழுத்துக் கட்டியை விட்டுவிடக் கூடாது.

படி 2: இரண்டு வாரக் கணக்கு

கழுத்துக் கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், கெட்டியாக இருந்தால், அசைத்தால் அசையாமல் இருந்தால், இவற்றில் ஒன்று போதும் அடுத்த படிக்குப் போக. காய்ச்சல், சளி, வலி என்று தொற்றின் அடையாளம் ஏதாவது இருந்தால் ஒரு முறை ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. அடையாளமே இல்லாதபோது கொடுப்பதும், ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று என்று போவதும் நாளைக் கடத்தும் வேலை. வைரஸ் வகைக் கட்டி சில நேரம் மருந்துக்குச் சற்றுச் சுருங்கியதுபோலவும் காட்டும். முழுதாகப் போகவில்லை என்றால் போகவில்லை என்றே கணக்கு.

குடும்பங்கள் நாளைக் கடத்துவதற்கும் நம் பக்கம் தனி நாட்காட்டி இருக்கிறது. நோம்பி முடியட்டும், மஞ்சள் வெட்டு முடியட்டும், ஆடி போகட்டும், பேத்தி சீர் முடியட்டும். வலியில்லாத கட்டி என்பதால் பெரியவரும் 'ஒண்ணும் பண்ணாது, விடு கண்ணு' என்பார். வலி இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தும்.

படி 3: தொண்டைக்குள் கேமரா

ஊசிக்கும் ஸ்கேனுக்கும் முன்னால், மூக்கு வழியாக மெல்லிய வளையும் குழாய்க் கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்தால் போதும், மயக்க மருந்து வேண்டாம். ஐந்து நிமிட வேலை. நாக்கின் அடிப்பகுதி, டான்சிலின் கீழ் முனை, மூக்கின் பின்புறம், குரல்வளை எல்லாம் தெரியும். கூடவே மருத்துவர் கையுறை போட்டு டான்சிலையும் நாக்கடியையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கெட்டித்தன்மை விரலுக்குத் தெரியும். குமட்டும் என்று பயந்து பலர் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். தவிர்க்காதீர்கள்.

படி 4: ஊசி, இங்கேதான் நான் தவறினேன்

கட்டியில் மெல்லிய ஊசி குத்திச் செல்களை எடுப்பது எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை. 'ஊசி குத்தினா பரவிரும்' என்ற பயம் பவானி முதல் பொள்ளாச்சி வரை ஒரே மாதிரி இருக்கிறது. இந்த மெல்லிய ஊசியால் நோய் பரவுவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பெரும்பாலும் அதை நிறுத்தாமலே செய்துகொள்ளலாம். ஆனால் சாப்பிடுகிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இதய ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்துவது கட்டியைவிட ஆபத்து.

பல ஆண்டுகளுக்கு முன் 58 வயது விவசாயி ஒருவர் வந்தார். கட்டியில் ஊசி போட்டால் வைக்கோல் நிறத்தில் தண்ணீர் வந்தது. ரிப்போர்ட்டில் 'புற்றுச் செல்கள் இல்லை, நீர்க்கட்டி' என்று இருந்தது. பிறவியிலிருந்தே கழுத்தில் தங்கிவிடும் ஒருவகை நீர்க்கட்டி உண்டு. அதுதான் என்று முடிவு கட்டி, அறுத்து எடுத்தேன். பயாப்ஸி (சதைச் சோதனை) ரிப்போர்ட் வந்தபோது உள்சுவரில் புற்று. டான்சிலை அதற்குப் பிறகுதான் தேடினேன். மூலம் தெரியாமல் கழுத்தைத் திறந்ததால் தழும்பும் திசு ஒட்டலும் உண்டாகி, அடுத்த அறுவை சிகிச்சை செய்தவருக்கு வேலை இரட்டிப்பானது.

பிறவி நீர்க்கட்டி பெரும்பாலும் இளவயதிலேயே தலைகாட்டிவிடும். நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகக் கழுத்தில் நீர்க்கட்டி வந்தால், இல்லை என்று நிரூபணமாகும்வரை அது புற்று என்றே எண்ண வேண்டும். வைரஸ் வகைப் புற்றின் நெறிகள் உள்ளே நீர் கோத்துக்கொள்வது வழக்கம். நடுவில் நீரை மட்டும் உறிஞ்சினால் செல் கிடைக்காது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே கட்டியின் சுவரில், கெட்டியான பகுதியில் குத்த வேண்டும். முதல் முறை ஒன்றும் வரவில்லையா, மறுபடி செய்யுங்கள், அல்லது சற்றுத் தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுங்கள். கழுத்தைத் திறந்து நெறியை அறுத்தெடுப்பது கடைசி வழி.

எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் மட்டும் பூசாமல், கொஞ்சத்தை மெழுகில் உறையவைத்துச் 'செல் பிளாக்' செய்யச் சொல்லுங்கள். பி16 சோதனையை அதிலிருந்தே செய்ய முடியும். இதை ஊசி போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இன்னொரு திருப்பம் டி.பி. எனும் காச நோய். பெருந்துறையின் காச நோய் மருத்துவமனையான சானடோரியத்தை அறிந்த தலைமுறைக்குக் கழுத்தில் நெறி கட்டினாலே காச நோய்தான் நினைவுக்கு வரும். நம் நாட்டில் அது நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் சந்தேகத்தின் பேரில் ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிட்டு, 'சுருங்குதான்னு பார்க்கலாம்' என்று காத்திருப்பது முதியவருக்குச் செய்யும் அநியாயம். ஊசியில் எடுத்த அதே நீரிலிருந்து காசக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை செய்யலாம். டி.பி. என்றால் கையில் ஆதாரத்தோடு மருந்து தொடங்கட்டும்.

படி 5: ஸ்கேன், சதை எடுப்பதற்கு முன்

டான்சிலில் சதை எடுத்த இடம் வீங்கிச் சிவந்திருக்கும். அதற்குப் பிறகு ஸ்கேன் எடுத்தால் வீக்கம் எது, நோய் எது என்று பிரிப்பது கடினம். சர்க்கரையை வேகமாக இழுக்கும் செல்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் ஒளிரும். அதனால் ஸ்கேன் முதலில், பயாப்ஸி பிறகு.

சி.டி. ஸ்கேனுக்கு நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்த பிறகே அது. சிறுநீரகம் பழுதானவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் அதைச் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். நாக்கடி நோய்க்கு எம்.ஆர்.ஐ. தெளிவு, ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பெட் ஸ்கேனுக்கு வெறும் வயிறும் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் வேண்டும். 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். தாராபுரத்திலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் வந்தவர் இப்படித் திரும்பிப் போனால் அடுத்த முறை வரவே மாட்டார். முந்தின நாளே சர்க்கரை பாருங்கள்.

படி 6: சதை டெஸ்ட்

டான்சிலில் கண்ணுக்குத் தெரியும் புண் இருந்தால் மரத்துப்போகும் மருந்து கொடுத்து வெளிநோயாளியாகவே சதை எடுக்கலாம். தெரியாவிட்டால் முழு மயக்கத்தில் தொண்டை முழுவதையும் பார்த்து, சந்தேகப் பக்க டான்சிலை முழுதாக எடுத்து அனுப்புவார்கள். புற்று குழிக்குள் ஒளிந்திருக்கும் என்று சொன்னேன் அல்லவா? மேலாகக் கிள்ளி எடுத்த துணுக்கில் 'வெறும் அழற்சி' என்று வருவது அதனால்தான்.

புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு ஊர்களில் எடுத்த சதையைச் சலைன் தண்ணீரில் போட்டு, 'கோயமுத்தூர் லேப்ல குடுத்துருங்க' என்று உறவினர் கையில் கொடுத்து அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சலைனில் சதை அழுகும். பத்து சதவீத ஃபார்மலின் வேண்டும், சதையைப் போலப் பத்து மடங்கு அளவாவது. புட்டியின் மூடியில் அல்லாமல் புட்டியின் பக்கவாட்டில் பெயர், வயது, எந்தப் பக்கம், எந்த இடம் என்று எழுதியிருக்க வேண்டும். 'தொண்டைச் சதை' என்று மட்டும் எழுதினால் நோயியல் மருத்துவர் பி16 செய்ய வேண்டுமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வார்?

சோதனை முடிந்ததும் அந்தச் சதை மெழுகுக் கட்டையாக லேபில் இருக்கும். 'பிளாக்' என்று கேட்டால் கொடுப்பார்கள். வேறு மருத்துவமனைக்கு மாறும்போது, ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் வாங்கிக்கொண்டால் பெரியவருக்கு மறுபடி சதை எடுக்கும் வேதனை மிச்சம்.

படி 7: வைரஸ் இருக்கிறதா?

ரிப்போர்ட்டில் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா', அதாவது வாய், தொண்டையின் மேல்படலச் செல்லில் தொடங்கும் புற்று, என்று வந்துவிட்டது. இனி இரண்டு வழி.

இடம் கன்னம், ஈறு, நாக்கு ஓரம் என்றால் வைரஸ் சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அங்கே பி16 வந்தாலும் வைரஸ்தான் காரணம் என்று சொல்ல முடியாது, சிகிச்சையும் மாறாது. பொகையிலை அதக்கும் இடத்தில் மரு மாதிரி வெள்ளையாகத் தடித்து வளரும் ஒரு வகை உண்டு, வெருக்கஸ் கார்சினோமா என்பார்கள். மரு என்றதும் 'வைரஸ்தானே?' என்று படித்த பேரன்கள் கேட்கிறார்கள். அதன் பெரும்பான்மைக்கு வைரஸ் காரணமல்ல. அதில் மேலாகக் கிள்ளினால் நோய் சிக்காது, அடிவரை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் அங்கே கவலை.

இடம் டான்சில் அல்லது நாக்கடி என்றால் பி16 சோதனை கட்டாயம். சதையில் நிறமேற்றி, செல்களில் 70 சதவீதமோ அதற்கு மேலோ, உட்கருவிலும் வெளியிலும் நன்றாக நிறம் பிடித்தால் 'பாசிட்டிவ்'. ரிப்போர்ட்டில் வெறும் பாசிட்டிவ் என்று மட்டும் இருந்தால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறம் பிடித்ததைப் பாசிட்டிவ் என்று எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

பி16 வைரஸின் நிழல், வைரஸ் அல்ல. அமெரிக்காவில் தொண்டைப் புற்றில் சுமார் 70 சதவீதம் வைரஸால் வருவது, அங்கே நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். நம் நாட்டில் அந்தப் பங்கு வெகு குறைவு, புகையிலைதான் ராஜா. அப்படிப்பட்ட இடங்களில் பி16 பாசிட்டிவாக இருந்தும் வைரஸ் இல்லாதவர்கள் கூடுதலாக இருப்பார்கள். பல நாடுகளைச் சேர்ந்த 7,654 நோயாளிகளை வைத்து 2023-இல் வெளியான ஆய்வில் 9.2 சதவீதம் பேருக்குப் பி16-உம் வைரஸ் சோதனையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அவர்கள் பிழைத்த காலமும், இரண்டும் பாசிட்டிவாக வந்தவர்களுக்கும் இரண்டும் நெகட்டிவாக வந்தவர்களுக்கும் நடுவில் இருந்தது. அதனால் என் பழக்கம், பி16 பாசிட்டிவாக வந்தால், முக்கியமாக அவர் பீடியோ பொகையிலையோ பழகியவராக இருந்தால், அதே பிளாக்கிலிருந்து வைரஸின் மரபணுவை நேரடியாகத் தேடும் சோதனையையும் கேட்பது. பி.சி.ஆர். முறையிலோ, செல்லுக்குள்ளேயே இ6, இ7 புரதங்களுக்கான மரபணுச் செய்திகளைப் பார்க்கும் முறையிலோ செய்வார்கள். எல்லா ஊரிலும் கிடைக்காது. பிளாக் பயணம் செய்தால் போதும், பெரியவர் பயணம் செய்ய வேண்டாம்.

மூலம் எங்கே என்று தெரியாமல் கழுத்து நெறியில் மட்டும் புற்று இருக்கும்போது பி16 வழிகாட்டியாகவும் ஆகிறது. தாடை மூலை நெறியில் அது பாசிட்டிவ் என்றால் டான்சிலையும் நாக்கடியையும் விடாமல் தேடு என்று பொருள். மூக்கின் பின்புறத்தில் வரும் புற்றுக்குக் காரணம் ஈ.பி.வி. என்ற வேறொரு வைரஸ், அதற்கு இபெர் என்ற வேறு சோதனை. ஒரு பக்கக் காதடைப்பும் மூக்கில் ரத்தமும் இருந்தால் அதையும் கேட்க வேண்டும்.

ஈ.பி.வி. பற்றிப் பேசும்போது ஒன்று. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு வாயில் ஆழமான புண் வந்து, பார்வைக்கு அச்சாகப் புற்றைப் போலவே இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் அந்த வைரஸ் தலைதூக்கி உண்டாக்கும் புண் அது. மருத்துவர் மாத்திரையைக் குறைத்தோ நிறுத்தியோ பல நேரம் ஆறிவிடும். சதை எடுத்து இபெர் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆகவே பயாப்ஸிச் சீட்டில் மாத்திரை விவரத்தை எழுதுங்கள், மூட்டுவலி மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

ரத்தத்தில் எச்.பி.வி., எச்சிலில் எச்.பி.வி. என்று விளம்பரங்கள் வருகின்றன. கண்டுபிடிப்பதற்குச் சதையே சாட்சி. எச்சிலில் வைரஸ் இருக்கும் பலருக்கு ஆயுள் முழுக்கப் புற்று வருவதில்லை.

படி 8: நிலை குறிப்பது, வயதை எடைபோடுவது

புற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று குறிக்கும் நிலைக் கணக்கின், 2018-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில் பி16 பாசிட்டிவ் தொண்டைப் புற்றுக்குத் தனி அட்டவணை. ஒரே பக்கத்தில் ஆறு சென்டிமீட்டருக்குள் பல நெறிகள் இருந்தாலும், மூலம் சிறியதாக இருந்தால் அது முதல் நிலை. பழைய கணக்கில் அதே ஆள் நான்காம் நிலை. இரண்டு மருத்துவமனையில் இரண்டு நிலை சொல்கிறார்களே என்று குழம்பும் குடும்பங்கள், பி16 சேர்த்துக் கணக்கிட்டார்களா என்று கேளுங்கள்.

முற்றிய தொண்டைப் புற்று நோயாளிகளை வைத்து 2010-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வில், மூன்று ஆண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் வைரஸ் உள்ளோரில் 82.4 சதவீதம், இல்லாதோரில் 57.1 சதவீதம். அதே ஆய்வு, நெடுநாள் புகைத்தவர்களுக்கு இந்தச் சலுகை குறைகிறது என்றும் சொன்னது. வயதானாலும் குறையும். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். வைரஸ் வகை என்பதற்காகச் சிகிச்சையை இலேசாக்குவதும் இன்னும் ஆய்வுக்குள்தான் இருக்கிறது. கதிர்வீச்சோடு வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்துக்குப் பதில் செட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018-இல் வெளியாயின. இரண்டிலும் மாற்று மருந்து தோற்றது.

பிறந்த தேதியை வைத்து மட்டும் யாரையும் ஒதுக்கக் கூடாது. 78 வயதில் தென்னந்தோப்புக்கு மொபட்டில் போய்வருபவரும், 66 வயதில் கட்டிலோடு கிடப்பவரும் ஒன்றல்ல. முதியவரின் உடல்நிலையை எடைபோட ஜி8 என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. 17-க்கு 14 அல்லது குறைவாக வந்தால் முதியோர் நல மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால் கேட்கும் திறன் சோதனை முன்பே. சொத்தைப் பற்கள் இருந்தால் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிப் புண் ஆற வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஊசிப் பரிசோதனைக்கு அலையும் நாட்களிலேயே சரிபார்த்துவிடுங்கள். சிகிச்சைக்கு அனுமதி கேட்கும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்பார்கள்.

சொல்வதா, மறைப்பதா

"அப்புச்சிகிட்டச் சொல்லீராதீங்க" என்று வாசலிலேயே கண் ஜாடை காட்டுகிறார்கள். பெரும்பாலும் அப்புச்சிக்குத் தெரிந்திருக்கும். அவரும் மகளுக்குத் தெரியக் கூடாதென்று என்னிடம் கண் ஜாடை காட்டுவார். கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். நான் அவரிடமே, "எவ்வளவு தெரிஞ்சுக்கோணும்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டுவிடுவேன்.

கடினமானது வைரஸ் என்ற சொல். தொண்டைக்கு இது பெரும்பாலும் வாய்வழி உறவின் மூலம் வருவது. அதைத் தெரிந்துகொண்ட மகன் ஒருவர் அப்பாவிடம் இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். நான் சொல்வது இதுதான்: வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பெரும்பாலானோருக்கு இந்தத் தொற்று வந்து போகிறது, பெரும்பாலோர் உடம்பு அதைத் தானே துடைத்துவிடுகிறது, எப்போது யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. மனைவிக்குத் தனிச் சோதனை தேவையில்லை. தம்ளர், தட்டு, சோறு ஊட்டுவது, பேரக்குழந்தையை மடியில் வைப்பது, எதனாலும் பரவாது. ஒரு வீட்டில் ஆத்தா பெரியவருக்குத் தனித் தட்டு எடுத்து வைத்திருந்தார். அதைத் திருப்பி அடுக்களையில் சேர்க்க வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. பயாப்ஸியைவிடக் கூடுதல் நேரம்.

கோயமுத்தூருக்குப் போகும் பைக்குள்

பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பும் நாளில் மஞ்சப்பையில் இவை இருக்கட்டும்: கட்டி முதலில் தெரிந்த தேதியும் அப்போது எடுத்த செல்போன் படமும், எல்லா ரிப்போர்ட்டுகளும், ஸ்கேன் சி.டி. அல்லது பிலிம், பிளாக்கும் கண்ணாடித் தகடுகளும் உடையாமல் ஒரு சிறு டப்பாவில், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், காப்பீட்டு அட்டை, ஆதார். பிறகு பல் செட்டுக்கு மூடியுள்ள ஒரு டப்பா. சென்னிமலை அப்புச்சி அதை மறந்து, கழற்றிய பல் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் அது எங்கோ விழுந்துவிட்டது. புற்று என்று கேட்டபோது கலங்காத மனிதர், அன்றைக்குத்தான் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.